எடை புழுவுக்குள் வேண்டாம்

தூண்டிலில் போடும் செயற்கை இரையான சாஃப்ட் பிளாஸ்டிக் லூரை வீட்டிலேயே வார்க்கப் பழகுகிறவர்கள், அச்சு கைக்கு வந்து நிறமும் சரியாக அமைந்ததும் அடுத்துக் கேட்பது எடையைப் பற்றித்தான். உப்பு கலக்கலாமா, எவ்வளவு கலக்கலாம்? ஈயத் துண்டை அச்சுக்குள் வைத்து அதன் மேலேயே ஊற்றிவிடலாமா? மணல், இரும்புத் தூள், கண்ணாடி மணி என்று வேறு ஏதாவது உண்டா? கேள்விகள் பல மாதிரி வந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை கிடக்கிறது. எடை லூரின் உடம்புக்குள் இருக்க வேண்டும், அதை வார்க்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும் என்கிற நம்பிக்கை. இந்தப் பதிவு அதற்கு எதிரானது. உடம்பை லேசாகவும் மெத்தென்றும் வார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எடையைக் கரைக்குப் போனபிறகு முள்ளிலோ நரம்பிலோ சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி. உப்புக்கு மட்டும் ஒரு சின்ன விலக்கு உண்டு, அது பின்னால் வரும். கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சட்டம் மூன்றும் தேவைப்படும் என்பதால் பதிவு நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். நாம் சூடாக்கி ஊற்றும் பால் நிறத் திரவம் பிளாஸ்டிசால். பி.வி.சி. தூளை, பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்தது அது. சுமார் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது தூள் அந்தத் திரவத்தைக் குடித்து முதலில் கட்டிபட்டு, பிறகு தெளிந்து ஓடும். ஆறினால் ரப்பர் மாதிரி நிற்கும். பி.வி.சி.யின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.4 கிராம். பிளாஸ்டிசைசர் தண்ணீரைவிடச் சற்றே லேசு, 0.97 அளவில் இருக்கும். புழு நெளிய வேண்டுமென்றால் திரவத்தின் பங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். ஆகவே இரண்டும் சேர்ந்த உடம்பின் அடர்த்தி, தண்ணீரின் அடர்த்தியான 1-ஐ ஒட்டியே, அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. கலவைக்குக் கலவை இது மாறும். கணக்குக்காக 1.05 என்று வைத்துக்கொள்வோம். சாஃப்ட் பிளாஸ்டிக் லூரின் குணம் முழுவதும் 1-க்கும் 1.05-க்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன இடைவெளியில் இருக்கிறது. அது ஏன் மெதுவாக இறங்குகிறது, ஏன் ஒரு சின்னச் சுண்டலுக்கே துடிக்கிறது, ஏன் மீன் வாயில் உயிருள்ள இரை மாதிரி கனமில்லாமல் போகிறது என்று எதைக் கேட்டாலும் விடை அங்கேதான்.

இப்போது 10 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரு புழு அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளமான, தடித்த புழு என்று மனதில் வைத்தால் போதும். வெறும் பிளாஸ்டிசாலில் வார்த்தால் எடை 10.5 கிராம். தண்ணீருக்குள் அது தள்ளுகிற நீர் 10 கிராம். ஆக நீருக்குள் அதன் மிச்ச எடை அரை கிராம்தான். அதே அச்சில் ஒரு கன சென்டிமீட்டர் பிளாஸ்டிசாலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உப்பைப் போடுங்கள். உப்பின் அடர்த்தி 2.17. மொத்த எடை 11.6 கிராம் ஆகிறது. கையில் தூக்கிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, பத்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் நீருக்குள் அரை கிராம் இருந்தது 1.6 கிராம் ஆகிவிட்டது. மூன்று மடங்குக்கு மேல். இந்த அளவு வேகத்தில் தண்ணீரின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். அதனால் இறங்கும் வேகம் மூன்று மடங்கு ஆகாது, ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகும். அதுவே பெரிய மாற்றம். சமையலறைத் தராசில் எடை போட்டுப் பார்த்து "கொஞ்சம்தானே ஏற்றினேன்" என்று நினைப்பவர், தண்ணீருக்குள் வேறொரு லூரையே செய்து வைத்திருக்கிறார். எடை ஏற்றுகிறவர்களில் பலர் தேவைக்கு அதிகமாக ஏற்றிவிடுவது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம். தராசு காட்டுவது ஓர் எண். மீன் பார்ப்பது வேறோர் எண்.

இந்தக் கணக்கிலிருந்தே இன்னும் இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, கலவை விகிதத்தை ஓர் அச்சிலிருந்து இன்னோர் அச்சுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. நீளம், அகலம், தடிமன் மூன்றும் இரட்டித்தால் நீருக்குள் உள்ள எடை எட்டு மடங்காகும். தண்ணீரை எதிர்க்கும் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். விளைவு, அதே கலவையில் வார்த்த பெரிய புழு சின்னதைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு வேகமாக இறங்கும். "ஒரு கப்புக்கு இத்தனை கரண்டி உப்பு" என்கிற சமையல் குறிப்பு, அது எந்த அச்சுக்குச் சொல்லப்பட்டது என்று தெரியாதவரை பயனில்லாதது. இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். ஒரே லூர், இடம் மாறினால் வேறு மாதிரி நடக்கும். கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. அரை கிராம் மிச்ச எடையோடு ஏரியில் இறங்கிய நம் வெறும் புழு, கடல்நீரில் கால் கிராம் மிச்சத்தோடுதான் இறங்கும். பாதி எடை போனது, வேகத்தில் பத்துக்கு மூன்று பங்கு குறைந்தது. லூரை யாரும் தொடவே இல்லை.

இது ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். நம் கரையில் சாஃப்ட் பிளாஸ்டிக் போடுகிறவர்களில் ஒரு பகுதியினர் ஏரி, குளங்களில் விராலைத் தேடுகிறார்கள். இன்னொரு பகுதியினர் கழிமுகங்களில் கொடுவாவைத் தேடுகிறார்கள். பழவேற்காடு மாதிரியான ஒரு காயலில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுத் தண்ணீர் புகுந்து உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கோடையில் முகத்துவாரம் அடைபட்டு நீர் வற்றத் தொடங்கினால் உப்பு கடல் அளவை எட்டும், சில வேளை அதையும் மிஞ்சும். ஒரே இடம், ஒரே ஆள், ஒரே பெட்டியில் உள்ள லூர். ஆனால் ஐப்பசியிலும் சித்திரையிலும் அது இறங்கும் வேகம் ஒன்றில்லை. அதோடு ஏற்ற இறக்க நீரோட்டம், காற்று, ஆழம் எல்லாம் மணிக்கு மணி மாறுகின்றன. வார்க்கும்போதே எடையை முடிவு செய்பவர், என்றைக்கோ அடுப்படியில் நின்றுகொண்டு, இன்னும் பார்க்காத ஒரு நாளின் தண்ணீருக்கு அளவெடுக்கிறார். முள்ளில் எடை வைப்பவர் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு அளவெடுக்கிறார். இருவரில் யாருக்குச் சரியாக அமைய வாய்ப்பு அதிகம் என்பதில் பெரிய வாதம் தேவையில்லை.

எவ்வளவு என்பதை விட்டுவிட்டு எங்கே என்பதற்கு வருவோம். லூரை நீர் மேலே தள்ளுகிற விசை அதன் வடிவத்தின் நடுவில் செயல்படுகிறது. எடை கீழே இழுப்பது எடையின் நடுவில். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் லூர் கிடைமட்டமாக இறங்கும். இரண்டு பக்கமும் மாறிமாறிச் சாய்ந்து மினுக்கும். எடை வயிற்றுப் பக்கம் தாழ்ந்தால் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துகொள்ளும். நேராக நீந்த அது நல்லது, ஆனால் உடம்பு உருள்கிற அழகு செத்துவிடும். துடுப்பு வால் வைத்த மீன் வடிவ லூர்களில் வாலின் ஆட்டம் உடம்பையும் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். வயிற்றில் எடை கூடக்கூட வால் மட்டும் ஆடும், உடம்பு மரக்கட்டையாக நிற்கும். எடை தலையில் இருந்தால் மூக்கு குத்தி விழும். எவ்வளவு குத்தும் என்பதற்கும் கணக்கு உண்டு. 10 சென்டிமீட்டர் புழுவின் நடுவிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி, மூக்குப் பக்கம் 2 கிராம் ஈயம் வைத்தால், நீருக்குள் மொத்த எடையின் நடுப்புள்ளி ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் முன்னால் போய்விடுகிறது. காரணம், உடம்புக்கு நீருக்குள் சொந்த எடை என்று அரை கிராம்தான் இருக்கிறது. ஈயம் வந்த இடமே எடை இருக்கும் இடம். சாஃப்ட் பிளாஸ்டிக்கில் சின்ன எடையின் இருப்பிடம்கூட ஆட்டத்தையே மாற்றிவிடும் என்பது இதனால்தான். அப்படிப்பட்ட ஒரு முடிவை, பிறகு மாற்றவே முடியாதபடி ரப்பருக்குள் புதைத்து வைப்பது எனக்கு விவேகமாகப் படவில்லை.

புதைப்பதில் கைவேலைச் சிக்கல்களும் உண்டு. பிளாஸ்டிசால் உலோகத்தோடு ஒட்டாது, சுற்றி அணைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். குளிர்ந்த ஈயத் துண்டின் மேல் சூடான பிளாஸ்டிசாலை ஊற்றினால், தொட்ட இடத்தில் முதலில் உறைந்து மடிப்பும் குமிழும் விழும். துண்டில் ஈரம் துளி இருந்தாலும் குமிழ் நிச்சயம். வளைந்து நெளிய வேண்டிய உடம்புக்குள் வளையாத ஒரு துண்டு இருந்தால், ஒவ்வொரு வளைவிலும் இழுவிசை அந்தத் துண்டின் ஓரத்தில் போய்க் குவியும். கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். இன்னொரு பக்கம், சாஃப்ட் பிளாஸ்டிக் உடம்பின் ஆயுள் குறைவு. கழிமுகத்தில் பேத்தை மீன் இருக்கும் இடத்தில் வீசினால் வாலைக் கத்தரித்த மாதிரி கடித்துக்கொண்டு போய்விடும். எடையில்லாத உடம்பு என்றால் முள்ளிலிருந்து உருவிவிட்டு வேறொன்றைக் கோத்துக்கொள்ளலாம். கடிபட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி உருக்கி ஊற்றலாம். உள்ளே ஈயமோ முள்ளோ சேர்ந்தே வார்த்ததென்றால் கடிபட்ட வாலோடு எல்லாமே கழிவு. மறுபடி உருக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக அறுத்து உலோகத்தை எடுக்க வேண்டும். சிக்கனத்துக்காகத்தானே பலர் வீட்டில் வார்க்கிறோம்? இந்த இடத்தில் சிக்கனம் முழுக்க என் கட்சிப் பக்கம்.

வரலாறும் அதே பக்கம்தான் சாய்கிறது. சாஃப்ட் பிளாஸ்டிக் புழு பிறந்ததே ஒரு வீட்டுச் சமையலறையில். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில், 1949-இல், நிக் க்ரீம் என்பவரும் அவர் மனைவியும் அடுப்பில் வினைலைக் காய்ச்சி, உண்மையான மண்புழுவை அச்செடுத்து வார்த்தார்கள். பின்னர் அந்தத் தொழில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகருக்குப் போனது. மூழ்கிய மரங்கள் நிறைந்த அந்தப் பக்கத்து ஏரிகளில் முள் சிக்காமல் இருக்க, முள்ளின் நுனியைப் புழுவுக்குள் மறைத்து, நரம்பில் ஓடும் தோட்டா வடிவக் குண்டை முன்னால் போட்டார்கள். டெக்சாஸ் ரிக் என்ற பெயர் அப்படி நிலைத்தது. குண்டைப் புழுவிலிருந்து ஓர் அடி, இரண்டடி தள்ளி வைத்தபோது கரோலினா ரிக். குண்டு கீழே, புழு மேலே என்று மாற்றியபோது டிராப் ஷாட். எடையே இல்லாமல் புழுவின் நடுவில் முள்ளைக் குத்தியபோது வாக்கி ரிக். அதே வாக்கியில் ஒரு நுனியில் மட்டும் ஆணி எடை செருகியபோது ஜப்பானியர்களின் நெக்கோ ரிக். ஐந்து முறைகளுக்கும் புழு ஒன்றுதான், மாறியது எடையின் இடம். இந்த 70 ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் புழுவின் உடம்பில் நடந்த மாற்றங்களைவிட அதற்கு வெளியே நடந்த மாற்றங்களே அதிகம் பேரின் கையில் மீனைக் கொடுத்திருக்கின்றன என்று துணிந்து சொல்லலாம். உடம்பு எடையில்லாமல் இருந்ததால்தான் அது இத்தனை வேஷம் கட்ட முடிந்தது.

"அப்படியானால் சென்கோ?" என்று கேட்கிறவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. கேரி யமமோட்டோ 1990-களில் கொண்டுவந்த அந்தப் பேனா வடிவப் புழுவில் வாலும் இல்லை, காலும் இல்லை. இருப்பது தாராளமான உப்பு. எடை எதுவும் கட்டாமல் தண்ணீரில் விட்டால் கிடைமட்டமாக, இரண்டு நுனியும் நடுங்க இறங்கும். அதற்கும் முன்பே, 1980-களில், ஜீன் லாரூ என்ற அமெரிக்கர் உப்பு கலந்த லூருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அவருடைய நோக்கம் மீன் உப்புச் சுவைக்காகக் கூடுதல் நேரம் வாயில் வைத்திருக்கும் என்பது. எடை பிறகு வந்த லாபம். சென்கோ வெற்றி பெற்றது என் வாதத்தை உடைக்கவில்லை. எல்லையைத்தான் காட்டுகிறது. உப்பு உடம்பு முழுவதும் சமமாகப் பரவி நிற்பதால் எடையின் நடுப்புள்ளி இடம் மாறுவதில்லை. எவ்வளவு என்பது மட்டும் மாறுகிறது. பிளாஸ்டிசாலில் உப்பு கரைவதும் இல்லை, துகளாகவே நிற்கும். நீருக்குள் தன் எடையில் பாதிக்குச் சற்று குறைவாக இழந்துவிடும் மெத்தனமான எடை அது. கொஞ்சம் கூடிப்போனாலும் ஈயம் அளவுக்குக் காரியத்தைக் கெடுக்காது. எடை கட்டாமலே மெதுவாக விழ வேண்டிய குச்சிப் புழு ஒன்றுக்கு மிதமான உப்பு சரியான வழி. நான் சொன்ன விலக்கு இதுதான்.

ஆனால் தொழிற்சாலையில் சமமாகப் பரவுகிற உப்பு வீட்டுக் கோப்பையில் அப்படி நிற்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உருகிய பிளாஸ்டிசாலைவிட இரண்டு மடங்கு கனமான துகள் அடியில் தங்கத்தான் செய்யும். கலக்காமல் ஊற்றினால் முதல் புழுவும் கடைசிப் புழுவும் வேறு வேறு லூர்கள். அச்சுக்குள் போன பிறகும் உறைவதற்குள் துகள் கீழே இறங்கும். மேலே திறந்த ஒற்றை அச்சில் இது நேரடியாகவே தெரியும்: அச்சின் அடிப்பகுதி லூரின் முதுகாக வரும்படி செதுக்கியிருந்தால் கனம் முதுகில் போய்ச் சேரும், லூர் தண்ணீரில் மல்லாந்து கிடக்கும். அதனால் கல் உப்பு வேண்டாம். மாவு மாதிரி அரைத்த உப்பு, அதுவும் வாணலியில் வறுத்து ஈரம் போக்கி ஆறவைத்தது. ஈர உப்பைச் சூடான பிளாஸ்டிசாலில் கொட்டினால் குமிழ் வருவது மட்டுமில்லை, தெறித்து முகத்தில் அடிக்கும். உப்பு கூடக்கூட உடம்பு கெட்டியாகி, ஒளி ஊடுருவாமல் மங்கி, சீக்கிரம் கிழியும். மென்மையை மீட்க மேலும் பிளாஸ்டிசைசர் சேர்த்தால் அடர்த்தி மறுபடி குறையும். ஏற்றியதை இறக்குகிற வேலை. கரையாத கண்ணாடி மணித் துகள் இதற்கு மாற்று, அடர்த்தி 2.5 அளவில் இருக்கும். மணல் முள்ளின் கூரைத் தின்னும். இரும்புத் தூள் உப்புநீரில் துருவேறி நிறத்தைக் கெடுக்கும்.

அடுத்த ஆட்சேபம் வீச்சு தூரம். லேசான லூர் தூரம் போகாது, காற்றில் திரும்பி வந்துவிடும், அதனால் உடம்பிலேயே எடை வேண்டும் என்பார்கள். மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். 10 கன சென்டிமீட்டர் வெறும் புழு காற்றில் 10.5 கிராம் இருக்கிறது; சாதாரண ஸ்பின்னிங் ராடுக்கு அது தாராளம். வீச்சுக்கு உதவுவது காற்றில் உள்ள எடை, மீனைத் தீர்மானிப்பது நீருக்குள் உள்ள எடை. சாஃப்ட் பிளாஸ்டிக்கின் பெரிய வசதியே முதலாவதை நிறையவும் இரண்டாவதைக் குறைவாகவும் வைத்திருப்பதுதான். தூரம் வேண்டுமென்றால் கொள்ளளவைக் கூட்டுங்கள், மெல்லிய பின்னல் நரம்புக்கு மாறுங்கள். இரண்டு கிராம்கூட இல்லாத பொடி லூர்களுக்கு இது பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். அவற்றுக்கு எடை வேண்டும்தான். ஆனால் உப்பு கலந்து அந்தப் பொடி உடம்பில் கூட்டக்கூடிய எடை மிகச் சொற்பம். அங்கேயும் முள்ளோடு எடையும் சேர்ந்த ஜிக் ஹெட்தான் கைகொடுக்கும். அதுவும் வெளி எடைதானே?

"ஆகாயத்தாமரைப் படலத்தைக் குத்திக்கொண்டு இறங்க வேண்டும், ஆழத்தில் நீரோட்டத்தில் நிற்க வேண்டும், அதற்கு லேசான புழு எப்படி?" என்பதும் வரும். அப்படிப்பட்ட இடங்களில் 20, 30 கிராம் தேவைப்படுகிறது. அவ்வளவு எடையைப் புழு உடம்புக்குள் புதைத்தால் அது நெளிய இடமே இருக்காது. குத்தி இறங்குகிறவர்கள் கனமான டங்ஸ்டன் குண்டை மூக்குக்கு முன்னால் போட்டு, சின்ன, வழுக்கும் உடம்பைப் பின்னால் கோக்கிறார்கள். எடை தேவை மிக அதிகமாக இருக்கும் இடத்திலும் அது வெளியில்தான் இருக்கிறது. கடைகளில் கிடைக்கிற, உள்ளேயே ஈயமும் முள்ளும் வைத்து வார்த்த மீன் லூர்களைக் காட்டி "அவர்கள் செய்யவில்லையா?" என்று கேட்கலாம். செய்கிறார்கள். பையிலிருந்து எடுத்து உடனே கட்டிப் போட வசதியானவை அவை. ஒவ்வொரு துண்டும் ஒரே இடத்தில் உட்காரும்படி உலோக அச்சில், அழுத்தத்தில் செலுத்தி வார்க்கிறார்கள். தொழிற்சாலை விற்பது வசதி. வீட்டில் வார்க்கிற நமக்குக் கிடைக்கக்கூடியது வேறு: வேண்டிய வடிவம், வேண்டிய மென்மை, வேண்டிய நிறம். அவர்களுக்கு எளிதான ஒன்றை நாம் கஷ்டப்பட்டு நகலெடுப்பதில் என்ன லாபம்?

கூர்மையான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. நெக்கோ ரிக்கின் ஆணி எடை புழுவின் உடம்புக்குள்தானே இருக்கிறது? உண்மைதான். என் வாதத்தை இந்த இடத்தில் திருத்திச் சொல்ல வேண்டும். உள்ளே, வெளியே என்பதைவிட நிலையானதா, எடுக்கக்கூடியதா என்பதே சரியான பிரிப்பு. ஆணி எடையைக் கரையில் நின்று செருகலாம், பிடுங்கலாம், மூக்கில் குத்தியதை வாலுக்கு மாற்றலாம், பாதியாக வெட்டலாம். வார்ப்பு முடிந்து, தண்ணீரைப் பார்த்த பிறகு எடுக்கிற முடிவு அது. இதற்குக் கடைச்சரக்குகூடத் தேவையில்லை. மெல்லிய துருப்பிடிக்காத திருகாணியின் தலையை வெட்டிவிட்டால், அதன் மரையே ரப்பரைக் கவ்விக்கொள்ளும். எஃகின் அடர்த்தி 7.8 அளவு; 2 கிராம் துண்டு கால் கன சென்டிமீட்டர்தான் இடம் பிடிக்கும்.

எந்த உலோகம் என்பதிலும் நீருக்குள் உள்ள கணக்கு கண்ணைத் திறக்கும். ஒரு கிராம் ஈயம் தண்ணீரில் 0.91 கிராமாக நிற்கிறது, டங்ஸ்டன் குண்டு 0.94, எஃகு 0.87. மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டங்ஸ்டனின் லாபம் அதன் சிறிய உருவமும், அடியில் கல்லா சேறா என்று நரம்பு வழியே சொல்லும் கடினமும்தான்; விலையும் அதற்கேற்றபடி. முன்பு உப்பால் ஏற்றிய அந்த 1.1 கிராம் நீர் எடையை, 1.3 கிராம் எஃகு வெளியிலிருந்தே தந்துவிடும். அப்படியிருக்க வீட்டில் ஈயம் உருக்குவது எதற்கு? 327 டிகிரியில் உருகும் ஈயத்தில் ஒரு துளி ஈரம் பட்டால் வெடித்துத் தெறிக்கும். மேலே படியும் சாம்பல் கசடும் தூசியும் கையிலும் துணியிலும் ஒட்டி வீட்டுக்குள் வரும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தண்ணீருக்குள்ளும் அதன் வேலை முடிவதில்லை. அன்னப்பறவைகள் தொலைந்த ஈயக் குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கிச் சாவதைக் கண்டு, பிரிட்டன் 1987-இலேயே 0.06 முதல் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயங்களின் விற்பனையைத் தடை செய்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1989 முதல் 2012 வரை இறந்து கிடைத்த வளர்ந்த லூன் பறவைகளில் ஏறக்குறைய பாதிக்கு, விழுங்கிய தூண்டில் ஈயமே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அங்கும் சட்டம் வந்தது.

"வீச்சு வலை ஓரமெல்லாம் கிலோ கணக்கில் ஈயம் தொங்குகிறது, என் மூன்று கிராமா உலகத்தைக் கெடுக்கப் போகிறது?" என்று கேட்பது எளிது. வலையில் கோத்த ஈயம் வலையோடு கரைக்குத் திரும்புகிறது. தூண்டில் ஈயம் அறுந்து அடியிலேயே கிடக்கிறது, அதுவும் ஒரு பறவை விழுங்கக்கூடிய அளவில். பிரிட்டனின் சட்டம் குறிவைத்தது பெரிய ஈயங்களை அல்ல, இந்தச் சின்னவற்றைத்தான். ரப்பருக்குள் புதைத்த ஈயம் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. அறுந்துபோன லூர் ஒரு மீனின் வயிற்றுக்கோ பறவையின் வயிற்றுக்கோ போனால், இரை மாதிரியே தோன்றும் உறையோடு ஈயத்தையும் சேர்த்து ஊட்டியவர்கள் ஆவோம்.

ஆகவே வரிசை இப்படி அமையட்டும். முதலில் வடிவமும் மென்மையும். உடம்பு வெறுமையாக எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். குச்சிப் புழுவாக இருந்து, எடை கட்டாமல் போடத்தான் போகிறீர்கள் என்றால் மட்டும் மிதமான பொடி உப்பு. மற்ற எல்லாவற்றுக்கும் முள், ஜிக் ஹெட், ஓடும் குண்டு, செருகும் ஆணி. அதிலும் குறைவான எடையில் தொடங்கி, தேவைப்பட்டால் ஏற்றுங்கள். இதை என் வார்த்தைக்காக யாரும் ஏற்க வேண்டியதில்லை. உயரமான ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ஒரே அச்சில் வார்த்த இரண்டு புழுக்களை, ஒன்றை வெறுமையாகவும் மற்றதை உப்போடும், கைபேசியில் படம் பிடித்தபடி விட்டுப் பாருங்கள். பிறகு வெறும் புழுவில் திருகாணித் துண்டை மூக்கில், நடுவில், வாலில் என்று மாற்றிச் செருகி மறுபடி விடுங்கள். உப்புப் புழு உங்களுக்கு ஒரே ஒரு இறக்கத்தைக் காட்டும். வெறும் புழு நான்கு காட்டும். அந்த நான்கையும் தோற்கடிக்கிற நிலையான எடை ஒன்றை யாராவது வார்த்துக் காட்டினால் என் கட்சியை மாற்றிக்கொள்ளத் தயார்.